வெளியே வருவது வேறு, விரிவது வேறு

வாசகர் கேள்வி – பதில்
எழுதுபவர்: ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், திருகோணமலை

போன இதழில், சோடாப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து மேலே அனுப்புகிற ரொக்கெட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். மேலே அனுப்புவதற்கு ஒரு பக்கம், கீழே இறக்குவதற்கு ஒரே வரி. "மூக்கினுள் ஒரு பரசூட்டை மடித்து வைத்துவிடுங்கள்" என்று எழுதி முடித்துவிட்டேன். முப்பது வருடம் படிப்பித்த ஆள் எழுதுகிற வரியா இது என்று வீட்டுக்காரி அன்றைக்கே கேட்டாள். இந்த முறை வந்த பதினொரு கடிதங்களில் ஒன்பது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஒன்றில் பரசூட்டையே மடித்து வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கடைசியில் பிரிப்போம்.

*

கேள்வி: சேர், 1.5 லீற்றர் போத்தல் ரொக்கெட், தண்ணீர் இல்லாமல் 200 கிராம். பழைய குடைத் துணியில் 50 சென்ரிமீற்றர் பரசூட். மூக்கை ஒரு இறப்பர் வளையம் பிடித்திருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைக் காரின் பல்சில்லு சுற்றி முடிந்ததும் வளையம் விடுபடும். மொட்டைமாடியிலிருந்து பரசூட்டைப் பத்துத் தரம் போட்டேன், பத்துத் தரமும் விரிந்தது. ரொக்கெட்டில் வைத்து விட்டால் ஐந்தில் ஒரு தரம்தான் விரிந்தது. மூன்று தரம் மூக்கு கழன்றும் துணி உள்ளேயே கிடந்தது. ஒரு தரம் மூக்கே கழரவில்லை. பரசூட்டைப் பெரிதாக்கட்டுமா?
– உயர்தர மாணவன், பாலையூற்று

பதில்: பெரிதாக்க வேண்டாம், தம்பி. பத்துக்குப் பத்து விரிந்த துணியை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்?

மாடியிலிருந்து போடும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பரசூட்டைக் கையில் எடுக்கிறீர்கள், நூல்களை உதறிச் சிக்கெடுக்கிறீர்கள், நடுவில் பிடித்து எறிகிறீர்கள். அதாவது, பரசூட் வெளியே வந்த பிறகு நடப்பதை மட்டும் பத்துத் தரம் சோதித்திருக்கிறீர்கள். வெளியே வருமா என்பதை ஒரு தரமும் சோதிக்கவில்லை. நாற்பது மீற்றர் உயரத்தில் அதை எடுத்து உதறிவிட உங்கள் கை இருக்காது.

அங்கே ஐந்து காரியம் வரிசையாக நடக்கவேண்டும். பல்சில்லு நேரத்துக்கு வளையத்தை விடவேண்டும். மூக்கு விலகவேண்டும். துணி வெளியே வரவேண்டும். நூல் சிக்காமல் நீளவேண்டும். அதற்குப் பிறகுதான் துணி காற்றைப் பிடிக்கும். ஒவ்வொன்றும் இருபதுக்குப் பத்தொன்பது தரம் சரியாக நடக்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தும் ஒரே பறப்பில் சரிவரவேண்டுமே. 0.95ஐ ஐந்து தரம் பெருக்கினால் 0.77. நாலு தரம் விட்டால் ஏறக்குறைய ஒரு தரம் ரொக்கெட் தலைகுத்தி விழும்.

இந்த வினை சோடாப் போத்தல்காரருக்கு மட்டும் வந்ததில்லை. 1967 ஏப்ரல் 24ஆம் திகதி சோயுஸ் 1 விண்கலம் பூமிக்குத் திரும்பியபோது அதன் சிறிய இழுவைப் பரசூட் ஒழுங்காக விரிந்தது. ஆனால் அதனால் பெரிய பரசூட்டை அதன் பெட்டிக்குள்ளிருந்து இழுத்தெடுக்க முடியவில்லை. அடுத்து விட்ட அவசரப் பரசூட், வெளியே ஆடிக்கொண்டிருந்த அந்தச் சிறிய பரசூட்டோடு சிக்கிக்கொண்டது. விண்வெளி வீரர் விளாடிமிர் கொமரொவ் உயிரிழந்தார். பெரிய பரசூட்டின் துணி கிழியவுமில்லை, அளவு பிழைக்கவுமில்லை. பெட்டியை விட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்களுடைய அந்த மூன்று தோல்விகள். மூக்கு போனால் துணி தானாக விழுந்துவிடும் என்று நினைத்திருப்பீர்கள். மேசையில் அப்படித்தான் நடக்கும். ரொக்கெட்டைக் கவிழ்த்தால் துணி பொத்தென்று விழும். மேலே விழாது. ஏன் என்று, உயர்தரத்தில் இருக்கிறவர், இதழை மூடிவைத்து ஒரு நிமிடம் யோசியுங்கள்.

தண்ணீர் தீர்ந்த கணத்திலிருந்து ரொக்கெட்டின்மேல் இருப்பது புவியீர்ப்பும் கொஞ்சக் காற்றுத் தடையும்தான். உச்சியில் வேகம் மிகக் குறைவு, ஆகவே காற்றுத் தடையும் இல்லையென்றே சொல்லலாம். ரொக்கெட்டும் அதனுள் இருக்கிற துணியும் ஒரே வேகத்தில், ஒரே ஆர்முடுகலில் போகின்றன. கயிறறுந்த லிப்டினுள் நிற்பவருக்கு நிறை தெரியாது என்று கணக்குச் செய்திருப்பீர்களே, அந்த லிப்ட் இதுதான்; அந்த ஆள் உங்கள் பரசூட். ரொக்கெட் கவிழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் அது இருந்த இடத்திலேயே சுகமாக இருக்கும். யாராவது தள்ளிவிடவேண்டும்.

ஆகவே கவிழ்த்துப் பிடித்துச் செய்கிற சோதனை நம்மை ஏமாற்றும். ரொக்கெட்டை மேசையில் நிமிர்த்தி வையுங்கள், மூக்கு வானத்தைப் பார்க்கட்டும். பல்சில்லை முடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். மூக்கு விலகியதும் துணி தன் நிறையையும் மீறி ஒரு சாணாவது மேலே எகிறி வெளியே விழவேண்டும். நிமிர்ந்து நிற்கும்போது குதிக்கிற துணி உச்சியில் மாட்டேன் என்று சொல்லாது. தள்ளுவதற்கு நான் பாவிப்பது இன்னொரு போத்தலின் நடுப்பகுதியில் இரண்டு விரல் அகலத்தில் வெட்டிய பட்டை. அதை வளைத்து வளையமாக்கித் துணிக்கு அடியில் அமுக்கி வைத்தால் நல்ல வில்லு மாதிரி உதைக்கும். பேனை ஸ்பிரிங்கோடு வருகிற பிள்ளைகளும் உண்டு. அது பேனைக்குத்தான் காணும்.

இன்னொரு சந்தேகம். விரிந்த அந்த ஒரு தரம், முதல் தரமா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். புறப்படும்போது அடிக்கிற தண்ணீர் நாலு பக்கமும் தெறிக்கும்; விழுந்த ரொக்கெட் ஈர மண்ணில் கிடக்கும்; நீங்கள் அவசரத்தில் துணியை அப்படியே சுருட்டி மறுபடி வைத்திருப்பீர்கள். நனைந்த குடைத் துணி தன்னோடு தானே ஒட்டும், போத்தல் சுவரோடும் ஒட்டும். இரண்டு பரசூட் தைத்து வைத்திருங்கள். ஒன்று காய, ஒன்று பறக்க. மடிக்கும்போது முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒரு சிட்டிகை தூவுங்கள். வெளிநாட்டு ரொக்கெட் பொழுதுபோக்காளர்கள் பிளாஸ்ரிக் பரசூட்டுக்குச் செய்கிற வேலை இது. நம்முடைய கடற்கரை ஈரக்காற்றுக்கு இன்னும் பொருந்தும்.

மூக்கு கழராததற்கு வேறு காரணம். தலைகீழாகப் பிடித்தால் மூக்கு விழக்கூடாது, ஒருதரம் குலுக்கினால் விழவேண்டும். அந்தளவு இறுக்கம் காணும். அதோடு சூடாக்கிய ஊசியால் மூக்கில் ஒரு துளை போடுங்கள். உள்ளே காற்றுப் போக வழியில்லாவிட்டால், கழரும்போது அதுவே மூக்கைப் பிடித்து உள்ளே இழுக்கும்.

என்னுடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை உப்புவெளிக் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பறக்கவிட்டுக் காட்டப் போனேன். காலையில் அவதிப்படக்கூடாது என்று பரசூட்டை முதல் நாள் இரவே வடிவாக மடித்து, மூக்கினுள் திணித்து, வளையத்தையும் மாட்டி வைத்துவிட்டேன். அப்போது நான் பாவித்தது துணியல்ல, சொப்பின் பை. இரவு முழுக்க மடிப்பில் கிடந்த பிளாஸ்ரிக் காலையில் அப்பளக்கட்டு மாதிரி இருந்திருக்கிறது. பத்து மணித்தியாலம் இழுபட்டுக் கிடந்த இறப்பர் வளையமும் தளர்ந்துவிட்டது. மூக்கு கழன்றது, பரசூட் வெளியே வந்தது, ஆனால் விரியாமல் சுருட்டாகவே ரொக்கெட்டுக்குப் பின்னால் வால் மாதிரி வந்தது. ரொக்கெட் நேராகப் போய், கரைவலைக்காரர் காயப்போட்டிருந்த நெத்தலிப் பாயின் நடுவில் குத்தியது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. சம்மாட்டி வந்து போத்தலைப் பிடுங்கி, தண்ணீரை உதறிவிட்டு என்னிடம் தந்தார். "சேர், மேல போறதுக்கு இவ்வளவு படிச்சிருக்கிறீங்க, கீழ வாறதுக்கு ஒண்டும் படிக்கல்லையா?" என்று கேட்டார். பிள்ளைகள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்றிலிருந்து பரசூட்டை மடிப்பது பறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னர்தான்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நிமிர்ந்த நிலையில் மேசைச் சோதனை தொடர்ந்து இருபது தரம். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதவேண்டும். பதினேழாவதில் பிழைத்தால் காரணத்தைத் தேடித் திருத்திவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். பிள்ளைகள் முனகுவார்கள், முனகட்டும். இருபதில் ஐந்தையாவது துணியை வேண்டுமென்றே தண்ணீர் தெளித்து நனைத்துச் செய்யுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். 40 மீற்றர் போகிற ரொக்கெட் உச்சிக்குச் சேர ஏறக்குறைய 3 செக்கன். பொம்மையின் பல்சில்லைப் பத்துத் தரம் முடுக்கி, போன் கமராவில் எடுத்து, ஒவ்வொரு தரமும் எத்தனை செக்கன் என்று எழுதுங்கள். சராசரியை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். ஒரு செக்கன் பிந்தினால் ரொக்கெட் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் விழுந்துகொண்டிருக்கும், இரண்டு செக்கன் பிந்தினால் ஏறக்குறைய 20. இழுவை விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. உங்கள் 50 சென்ரிமீற்றர் பரசூட் 20இல் திடீரென்று விரிந்தால் நூல்களில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் நிறை தொங்குவது போன்ற இழுவை வரும். 200 கிராம் ரொக்கெட்டுக்கு! அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. நூல்களைச் சேர்த்துக் கட்டிய இடத்தில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, துணியின் ஓரத்தைச் சுற்றிப் பிடித்துத் தூக்குங்கள். முடிச்சு வழுக்குவதும் தையல் விடுவதும் அங்கேயே தெரியும். அரிசி சிந்தினால் அம்மாவுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்.

பெரிதாக்கும் யோசனைக்கு வருகிறேன். உங்கள் பரசூட் இப்போது செக்கனுக்கு 5 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். அது ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து, நெஞ்சளவிலிருந்து, கைநழுவி விழுகிற வேகம். ரொக்கெட்டை அந்த உயரத்திலிருந்து சிமெந்துத் தரையில் போட்டுப் பாருங்கள். உடையவில்லையென்றால் பரசூட்டின் அளவு சரி. ஒரு முழுக் குடையின் துணியைக் கட்டினால் வேகம் பாதியாகும், காற்றில் நிற்கிற நேரம் இரட்டிக்கும், காற்று அதை இரண்டு மடங்கு தூரம் கொண்டுபோகும். அது போதாதென்று, பெரிய துணியை அதே சின்ன மூக்கினுள் திணிக்கவேண்டி வரும். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற நோயே அதுதானே.

*

கேள்வி: என் மகன் பரசூட் சோதனை என்று சொல்லிப் பின்னேரம் முழுக்கக் கூரையில்தான். கைப்பிடிச் சுவரும் இல்லை. படிப்புக்கு நல்லது என்கிறான். எனக்கு நெஞ்சு பதறுகிறது.
– ஒரு தாய், உவர்மலை

பதில்: பதறுவது சரி, அம்மா. ரொக்கெட்டைவிடக் கூரைதான் ஆபத்து. இறக்கிவிடுங்கள். மேலே தம்பிக்கு எழுதிய சோதனைகளில் பெரும்பாலானவை சாப்பாட்டு மேசையில் செய்யக்கூடியவை. மகனுக்கு அதைக் காட்டுங்கள்.

காற்றடிக்கும்போது சில விடயம். அமுக்கம் காட்டும் மானி உள்ள பம்ப் வேண்டும். நான் 60 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல்) தாண்ட விடுவதில்லை. கீறல் விழுந்த, வெயிலில் மங்கிய போத்தல் குப்பைக்கு. கண்ணுக்குக் கண்ணாடி. பிடியை விடுவிக்கிற கயிறு பத்து மீற்றராவது நீளம். விரியாமல் விழுகிற 200 கிராம் போத்தல் 40 மீற்றரிலிருந்து மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் வரும். அதனால் விட்ட பிறகு எல்லோரும் அண்ணாந்து பார்க்கவேண்டும். போனைப் பார்க்கிற ஆள் மைதானத்துக்கு வெளியே.

*

கேள்வி: மாடி ஆறு மீற்றர்தான். விரிவதற்குள் நிலம் வந்துவிடுகிறது. இராவணன் வெட்டிலிருந்து போட்டுப் பார்க்கலாமா?
– மூன்று நண்பர்கள், திருக்கடலூர்

பதில்: கூடாது. அந்தச் செங்குத்துப் பாறை கோணேசர் கோயில் இடம், கோட்டைக்குள் படைமுகாம், கீழே கடல். போட்டதெல்லாம் கடலுக்குக் குப்பை. பௌதிகவியலும் இடம் தராது. கடலிலிருந்து வருகிற காற்று பாறையில் மோதி மேலே ஏறும்; அந்தக் காற்றில் கந்தல் துணியும் விரியும். நீங்கள் சோதித்தது பாறையையா பரசூட்டையா என்று தெரியாது.

(அந்தப் பாறையடிக் கடலில் 1956இல் மூழ்கி, இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் எச்சங்களைப் பார்த்தவர்களில் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். பிரித்தானிய கோளிடைச் சங்கத்தின் தலைவராக இருந்த மனிதர். ரொக்கெட்டைப் பற்றி எழுதிப் பெயரெடுத்தவர் நம்முடைய ஊரில் மேலே பார்க்காமல் கீழே பார்த்திருக்கிறார்.)

உங்களுக்கு வேண்டியது பட்டம். தைப்பொங்கல் காலத்தில் ஏற்றுகிற பெரிய பட்டம் ஒன்றின் நூலில், பட்டத்துக்குச் சில மீற்றர் கீழே, ஒரு சின்ன வளையத்தைக் கட்டுங்கள். ரொக்கெட்டுக்குப் பதிலாக மண் போட்ட சின்னப் போத்தல், 100 கிராம். அதன் மூக்கினுள் 35 சென்ரிமீற்றர் பரசூட். நிறை பாதியானால் பரப்பளவும் பாதி, இறங்கும் வேகம் மாறாது. போத்தலை வளையத்தில் ஒரு வழுவழுப்பான கம்பி ஊசியால் மாட்டி, ஊசியில் இரண்டாவது நூலைக் கட்டிக் கையில் வைத்திருங்கள். முப்பது மீற்றர் ஏறியதும் சுண்டி இழுத்தால் போத்தல் விழும். ஊசி கழரும்போதே பல்சில்லும் விடுபடும்படி செய்தால் நேரம், மூக்கு, துணி, நூல், காற்று எல்லாம் ஒரே விழுகையில் சோதனைக்கு வந்துவிடும். மின்கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். கீழே ஆள் நிற்கக்கூடாது என்பதையும்.

*

கேள்வி: பரசூட்டுக்கு மீன்பிடிக்கிற தங்கூசி நூல் பாவிக்கலாமா? வீட்டில் நிறைய இருக்கிறது.
– சல்லி வாசகர்

பதில்: வேண்டாம். மீனுக்குக் கண்ணில் படாது, அதுதான் அதன் பெருமை. சுருண்டு கிடந்த தங்கூசி சுருண்ட ஞாபகத்தோடேயே இருக்கும். மூக்கிலிருந்து வரும்போது சுருளாகவே வந்து ஒன்றோடொன்று பின்னும். முடிச்சும் வழுக்கும். வலை பொத்துகிற முறுக்கிய நைலோன் நூல் நல்லது. துணியின் விட்டத்தைப்போல ஒன்று முதல் ஒன்றரை மடங்கு நீளம், எட்டு நூல். எட்டும் சேருமிடத்தில் தூண்டில்காரர் பாவிக்கிற சுழலும் கொளுக்கி ஒன்றைப் போட்டால் ரொக்கெட் சுழன்றாலும் நூல் முறுகாது. அதுவும் உங்கள் வீட்டில் இருக்கும்.

*

கேள்வி: ஓட்டோ திருத்துகிறவன் நான். பொம்மைப் பல்சில்லை விட்டுவிட்டு, காற்றமுக்கத்தை அளக்கிற சிப்பும், சொன்ன அளவுக்குத் திரும்புகிற சின்ன சேர்வோ மோட்டாரும் போட்டுச் செய்யப் பார்க்கிறேன். மேசையில் எல்லாம் வேலை செய்கிறது. பறக்கவிடாமல் எப்படிச் சோதிப்பது?
– கிண்ணியா

பதில்: நல்ல கை, நல்ல கேள்வி. நிலத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு மீற்றர் ஏறும்போதும் அமுக்கம் ஏறக்குறைய 12 பஸ்கால் குறையும். 40 மீற்றருக்கு 470. மொத்த அமுக்கம் ஒரு லட்சத்துக்கு மேல், அதில் அரை வீதம்கூட இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை வீட்டிலேயே உண்டாக்கலாம். கருவியை முழுதாக ஒரு ஜாம் போத்தலில் வைத்து, மூடியில் துளையிட்டு, ஊசி மருந்துக் குழாயை இறுக்கமாகப் பொருத்துங்கள். பிஸ்டனை மெல்ல இழுத்தால் உங்கள் சிப் தான் மேலே போவதாக நினைக்கும். நிறுத்தி மெல்ல விட்டால் உச்சி தாண்டி இறங்குவதாக நினைக்கும். அந்த இடத்தில் சேர்வோ திரும்பவேண்டும். ஓட்டோவின் கார்புரேட்டரைக் கழுவுகிறவருக்கு இதெல்லாம் விளையாட்டு. ரொக்கெட்டின் பக்கத்தில் இரண்டு மூன்று சின்னத் துளை விட மறக்காதீர்கள். அடைத்த பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரியாது. மூக்கின் நுனியில் மட்டும் போடவேண்டாம், வேகமாகப் போகும்போது அங்கே காற்று மோதி அமுக்கம் கூடும்.

சோதனை எதுவானாலும் கடைசியாக ஒருதரம் எல்லாவற்றையும் பூட்டி, பறக்கப்போகிற அதே நிலையில் செய்யுங்கள். 2004 செப்டெம்பர் 8ஆம் திகதி நாசாவின் ஜெனசிஸ் கலம் சூரியக் காற்றின் துகள்களைச் சேகரித்துக்கொண்டு யூட்டா பாலைவனத்துக்குத் திரும்பியது. அதன் பரசூட் வெளியே வரவே இல்லை. வேகத் தணிவை உணர்ந்து பரசூட்டை விடச் சொல்லவேண்டிய சின்ன உணரிகள் தலைமாறி வைக்கப்பட்டிருந்தன. வரைபடத்திலேயே பிழை. கலம் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் நிலத்தில் மோதியது. நீங்களும் நானும் வயரை மாற்றிக் கொடுக்கிறவர்கள்தான், அவர்களும்தான்.

*

கேள்வி: ரொரன்ரோவில் இருக்கிற மச்சான் உண்மையான மோட்டார் ரொக்கெட் விடுகிறான். "சி6-5" என்று ஒன்று. இரண்டு பொதி அனுப்பட்டுமா என்று கேட்கிறான். அதில் பரசூட் தானாகவே வெளியே வருமாம்.
– தம்பலகாமம்

பதில்: வரும். அழகான வேலைப்பாடு அது. "சி" என்றால் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை அது நீடிக்கிற நேரத்தால் பெருக்கியது, 5க்கும் 10க்கும் இடைப்பட்ட நியூட்டன் செக்கன் வகுப்பு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 5 என்பது எரிந்து முடிந்த பிறகு தாமதிக்கிற செக்கன். அந்த ஐந்து செக்கனும் உள்ளே ஒரு மருந்து மெதுவாகப் புகைந்துகொண்டே போகும், ரொக்கெட் சும்மா மேலே மிதந்து ஏறும். பிறகு ஒரு சின்ன வெடிமருந்து முன்பக்கமாக வெடித்து மூக்கையும் பரசூட்டையும் உதைத்துத் தள்ளும். நம்முடைய போத்தல் பட்டை செய்கிற வேலைதான். சூட்டில் துணி உருகாமல் இடையில் தீப்பிடிக்காத தாளைக் கசக்கி வைப்பார்கள். பெரிய ரொக்கெட் விடுகிறவர்கள் உச்சியில் ஒரு சின்னப் பரசூட், நிலத்துக்கு நூறு இருநூறு மீற்றர் இருக்கும்போது பெரியது என்று இரண்டு கட்டமாக இறக்குவதும் உண்டு. சின்னதில் வேகமாக வந்தால் காற்றில் அதிகம் இழுபடாது.

ஆனால் அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். அது வெடிபொருள். தபாலில் போடக்கூடாதது, இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடாதது. நீங்கள் இருப்பது சீனக்குடா விமானத்தளத்துக்குப் பக்கம் வேறு. பட்டாசு மருந்தைப் பிரித்து நாங்களே செய்துகொள்கிறோம் என்று யாராவது தொடங்கினால், விரலை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் திடீரென்று "டப்" என்று கேட்டால் கை வேலையை நிறுத்திக் காது கொடுக்கிற ஆட்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். நானும் ஒருவன். தண்ணீர் ரொக்கெட் "புஸ்" என்றுதான் போகும்.

*

கேள்வி: கடற்கரையில் விட்டால் ஒவ்வொரு தரமும் கடலுக்குள் போகிறது. எந்த மாதம், எந்த நேரம் நல்லது?
– நிலாவெளி

பதில்: நீங்கள் கச்சானில் விட்டிருக்கிறீர்கள். விற்கிற கச்சான் இல்லை, வீசுகிற கச்சான். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் அந்தக் காற்று. 40 மீற்றரிலிருந்து செக்கனுக்கு 5 மீற்றர் இறங்கினால் 8 செக்கன். காற்று செக்கனுக்கு 6 மீற்றர் என்றால் 48 மீற்றர் தள்ளி விழும். கரையிலிருந்து 48 மீற்றர் உள்ளே நின்று விடுங்கள், கணக்கு முடிந்தது. காலை ஆறரைக்குக் காற்றுத் தணிந்த நாளாகப் பார்த்தால் இன்னும் நல்லது. மாரிக்குள் விடவேண்டாம்.

பரசூட் தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு இறங்குகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உச்சியில் துணியின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு வட்டத் துளை வெட்டுங்கள். காற்று ஓரத்தால் ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி என்று வழிவதால்தான் ஆட்டம். நடுவில் வழி விட்டால் அடங்கும். 1797இல் பாரிசில் பலூனிலிருந்து பரசூட்டில் இறங்கிய கார்னெரினும் இப்படித்தான் ஆடி ஆடி இறங்கினார். துளையின் ஓரத்தை மடித்துத் தையுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து கிழியும். இது வீட்டுக்காரியின் அறிவுரை. எட்டுத் துண்டுப் பாவாடை வெட்டத் தெரிந்தவருக்குப் பரசூட் வெட்டத் தெரியும் என்பது அவள் கட்சி. மூன்று பரசூட் தைத்துக் காட்டிய பிறகு நான் எதிர்த்துக் கதைப்பதில்லை.

*

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு. இதோடு நான் செய்த பரசூட்டை வைத்திருக்கிறேன். இது நல்லதா என்று பார்த்துச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பவும்.
– மாணவி, மூதூர்

பதில்: மகள், கடித உறையைப் பிரித்தபோது ஊதா நிறத் துணி. பழைய சட்டை உள்துணி என்று நினைக்கிறேன். எட்டு நூல், எட்டும் ஒரே நீளம். அளந்து பார்த்தேன், இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இல்லை. மூதூரிலிருந்து தபாலில் மூன்று நாள் மடிந்து கிடந்தும் ஒட்டவில்லை. பவுடர் வாசனை வந்தது. அதை யார் சொல்லித் தந்தார்கள்?

100 கிராமுக்கு மண் போட்ட மருந்துப் போத்தலைக் கட்டி, வெட்டிய சோடாப் போத்தலினுள் வைத்து, நிமிர்த்தி, அடியில் பட்டை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். இருபதுக்கு இருபது. பிறகு மாடிக்குப் போய், அதே போத்தலினுள் வைத்தபடி, தள்ளி விட்டேன். ஒரு ஆள் உயரம் விழுவதற்குள் விரிந்துவிட்டது, ஆட்டமே இல்லை. அந்த நேரம் பார்த்து உட்துறைமுகப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. இப்போது அது பக்கத்து வீட்டு முருங்கையின் உச்சிக் கொப்பில் இருக்கிறது. முருங்கைக் கொப்பு ஆளைத் தாங்காது. வீட்டுக்காரரிடம் கொக்கத்தடி கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். எடுத்ததும் தபாலில் வரும்.